அக்காவுக்காகப் போட்ட வேலி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நீ நலமாகவே இரு. எனக்கு இங்கே நலமில்லை, கோபம்தான் இருக்கிறது. போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் "அக்கா, சிக்னல் விட்டு விட்டு வருது" என்று வைத்துவிடுகிறாய். என் குரல் உயரும்போது மட்டும் தவறாமல் போய்விடுகிற அந்த சிக்னல் எந்தக் கம்பெனியுடையது என்று சொல், நானும் மாறிக்கொள்கிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் கத்தி முடிக்கும்வரை நீ வைக்க முடியாது. இங்கே ஆற்றில் பாலம் கட்டும் உங்கள் கம்பெனி வண்டி இன்று மாலை தலைமை அலுவலகத்துக்குக் கிளம்புகிறதாம். ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை உன் மேஜையில் இருக்கும். படிக்காமல் கோப்புக்குள் சொருகினால் அடுத்த கடிதம் உன் முதலாளிக்கு வரும்.

சிறையின் மூன்றாம் அறையில் பூச்சு விழுந்துவிட்டது. எந்தச் சுவர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உன் வரைபடத்தில் அது 'கருங்கல் சுவர், கனமானது, உறுதியானது' என்று மட்டும்தான் இருக்கிறது. கல் உறுதியானதுதான் தம்பி. கல்லுக்கு ஒரு கீறல் இல்லை. கல்லின் மேல் இருந்த சுண்ணாம்புப் பூச்சுதான் போனது. ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் பெண்களை அடைத்து வைத்திருந்த சிறையை அருங்காட்சியகம் ஆக்கி, என்னை அதற்குக் காப்பாளர் என்று உட்கார வைத்திருக்கிறார்களே, அது கல்லைக் காப்பதற்கா? கல் என்னைக் கேட்காமலே நிற்கும்.

அந்தப் பூச்சில் இருந்த கோடுகள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சிறைக்குள் பிள்ளை பெற்ற ஒருத்தி, பிள்ளை வளர வளர அதைச் சுவரோடு நிறுத்தி, ஆணியாலோ கரண்டிக் காம்பாலோ தலைக்கு மேல் கீறிய கோடுகள். பெயர் இல்லை, தேதி இல்லை. கீழே இருப்பது முழங்காலுக்குச் சற்று மேல். மேலே இருப்பது இடுப்பளவு. அந்த உயரம் வந்ததும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்பிவிடுவது அந்தக் காலத்துச் சிறை விதி. அதற்கு மேல் சுவர் வெறும் சுவர். நீ சின்னப் பையனாக இருந்தபோது அங்கே முதுகை ஒட்டி நின்று, "அந்தப் பாப்பா அப்புறம் வளரவே இல்லையா அக்கா?" என்று கேட்டாய். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ என் கையை விடவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

விழுந்தது எல்லாவற்றுக்கும் கீழே இருந்த கோடு. அது மட்டும்தான் கோணலாக இருக்கும். பிள்ளைக்கு அப்போது நிற்கத் தெரிந்திருக்காது. ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கீறியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். இப்போது அது ஒரு தட்டில், பஞ்சின் மேல், துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாதிக்கு மேல் பொடி. பொடியை எந்தப் பசையால் ஒட்டுவது?

பாலம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் அப்படிச் சொன்னால் என்னைக் கல்லால் அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். தூண்களை ஓங்கி அடித்து இறக்காதே, துளை போட்டுக் கான்கிரீட் வார் என்று மட்டும்தான் கேட்டேன். நீ செய்தாய். செலவு கூடும் என்று உன் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் செய்தாய். அன்றைக்கு நான் பெருமையில் இரண்டு அங்குலம் வளர்ந்தேன். துளை போடும் இயந்திரம் ஓடியது, சுவரடியில் நீங்கள் வைத்த அதிர்வுமானி ஓடியது, பூச்சிலிருந்து ஒரு தூசி உதிரவில்லை. அதோடு விட்டிருக்கலாம். விட்டாயா?

"அக்கா, லாரியெல்லாம் உன் சுவர்ல இடிச்சிடக் கூடாதுன்னு இரும்பு வேலி போடச் சொல்லியிருக்கேன். உனக்காகத்தான்" என்று போனில் சொன்னாய். நானும் மகராசி மாதிரி "சரிப்பா" என்றேன். அந்த வேலியை எப்படிப் போடுவார்கள் என்று நீயும் கேட்கவில்லை. இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்து, சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்தி, ஒரு இயந்திரத்தால் தலையில் ஓங்கி ஓங்கி அடித்துத் தரைக்குள் இறக்கினார்கள். பாலத்துக்கு எதைச் செய்யாதே என்று நான் கெஞ்சினேனோ, அதை வேலிக்குச் செய்தார்கள். பாலத்தைவிடப் பத்து மடங்கு பக்கத்தில் வைத்துச் செய்தார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்தப் பழமொழியைச் சொன்னவர்கூட இவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்க மாட்டார்.

நான் டிக்கெட் அறையில் இருந்தேன். உன் மகள் குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்து மூன்றாம் அறை வாசலில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். முதல் அடியிலேயே மேஜையில் இருந்த பேனா உருண்டது. நான் கையை ஆட்டிக்கொண்டே வெளியே ஓடினேன். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு நான் கத்தியது எங்கே கேட்கும்? ஒருவர் எனக்குத் திருப்பிக் கையாட்டினார். இயந்திரத்தை நிறுத்த வைத்து உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லையாம். மூட்டையிலிருந்து மணல் சரிந்த மாதிரி இருந்ததாம், குட்டி சொன்னாள். அவள் இருந்தது வாசலில் என்பதால் தப்பித்தாள்.

உங்கள் மேற்பார்வையாளரை நான் 'நோ பிராப்ளம்' என்றுதான் கூப்பிடுகிறேன், ஏனென்றால் வாயைத் திறந்தால் அதுதான் வரும். அதிர்வுமானி ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். "அது பாலம் வேலைக்கு மேடம். இது பாதுகாப்பு வேலை. பாதுகாப்பு வேலைக்கு எதுக்கு அளவு?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, மனசார நம்பிச் சொன்னார். அப்புறம் உள்ளே வந்து பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார்: "நோ பிராப்ளம் மேடம், நம்ம ஆளுங்களே புதுசா பூசி, கோடும் போட்டுக் குடுத்துடுவாங்க. ஸ்கேல் வெச்சு நேரா போட்டுடலாம், பழசு கோணலாத்தானே இருந்துச்சு?" தம்பி, நான் அடிக்கவில்லை. உன் அக்கா அடிக்கவில்லை என்பதை எங்காவது குறித்து வை.

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். "கம்பெனிக்காரங்க செலவு பண்ணிப் பாதுகாப்புக்கு வேலி போடறாங்க, காப்பாளரே எதிர்த்தா எப்படிம்மா?" என்றார். வேலியால்தான் விழுந்தது என்றேன். "அப்ப வேலி இன்னும் அவசியம்னு தெரியுது பாருங்க" என்றார். அவர் தலையிலும் இரும்புத் தகடுதான் இறங்கியிருக்கிறது போலிருக்கிறது. அவரோடு பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு.

இப்போது நிலைமை இது. வேலி பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி வருவது மூன்றாம் அறையின் வெளிப்பக்கம், அந்தச் சுவருக்கு நேர் பின்னால். திங்கட்கிழமை காலை தொடங்குகிறார்கள். நான் விரல் கணுவால் பூச்சு முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டேன். கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போன இடத்தில் வெற்றுப் பெட்டி மாதிரிக் கேட்கும். மேலே இருக்கிற கோடு வரைக்கும் இப்போது வெற்றுப் பெட்டிதான். மெல்லிய தாளைப் பசை தடவி மேலே ஒட்டி, பஞ்சு வைத்த பலகையால் முட்டுக் கொடுத்திருக்கிறேன். அது பேருக்கு. நாலு அடி விழுந்தால் அந்தப் பிள்ளை வளர்ந்ததற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி தரையில் கிடக்கும்.

நிறுத்துங்கள் என்று நோ பிராப்ளத்திடம் சொன்னால், "உங்க தம்பி சார் ஆர்டர் மேடம். அவர் வேணாம்னு எழுதிக் குடுத்தா அடுத்த நிமிஷம் மெஷினை எடுத்துடறோம்" என்கிறார். உலகத்தில் எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். எல்லா நியாயமும் சுற்றிச் சுற்றி உன் ஒரு கையெழுத்தில் வந்து நிற்கிறது. நீயோ போனை எடுப்பதில்லை. எடுத்தால் "உனக்காகத்தானே அக்கா" என்கிறாய்.

இந்த "உனக்காகத்தானே" என்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே அன்பு காட்டுகிறாய். உன் அன்பு எப்போதும் பார்சலில்தான் வருகிறது. போன வாரம்கூட வந்தது. குட்டி ஆசையாகப் பிரித்தாள். நீல நிறம், அழகான கவுன், நல்ல துணி, குறை சொல்ல மாட்டேன். தலை வழியாக நுழையவே இல்லை. போன தடவை அனுப்பியதும் சின்னது. அதற்கு முந்தியதும் சின்னது. அவள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மூன்று கவுன்கள் அப்படியே இருக்கின்றன. அவள் அம்மா தவறிப்போன பிறகு, "மூணு மாசம் மட்டும் உன்கிட்ட இருக்கட்டும் அக்கா" என்று கொண்டுவந்து விட்டாய். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. அவளை வைத்துக்கொள்வது எனக்குப் பாரம் என்று நினைத்துவிடாதே. அப்படி நினைத்தால் நீ நேரில் வரும்போது உதை விழும். அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நானும் உன் மாமாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பூச்சு விழுந்த அன்று நான் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, இந்த வேலியை அப்பாதானே போடச் சொன்னாங்க? சுவருக்கு உள்ள என்ன இருக்குன்னு அப்பாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும், மறந்திருப்பார் என்றேன். வேறு என்ன சொல்வது? நீயே சொல்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், பாதி படித்துவிட்டுப் பதறிப்போய் வேறு எதையாவது உத்தரவு போட்டுத் தொலைக்காதே. அடித்து இறக்குவதை நிறுத்தச் சொல்லி, இதைப் படித்த கையோடு எழுதி அனுப்பு. ஏற்கனவே இறக்கிய தகடுகளைப் பிடுங்கச் சொல்லாதே, பிடுங்கினாலும் ஆடும். அவை அங்கேயே துருப்பிடிக்கட்டும். லாரி இடிக்காமல் இருக்க மண் நிரப்பிய பீப்பாய்களை வரிசையாக வைத்தால் போதும், தரைக்கு வலிக்காது. பூச வருகிறேன், கோடு போட வருகிறேன் என்று எவனாவது ஸ்கேலோடு வந்தால் அந்த ஸ்கேல் முழுசாகத் திரும்பாது. எல்லாவற்றுக்கும் மேலே, நீ நேரில் வா. வந்து அந்தச் சுவரை உன் விரலால் தட்டிக் கேள். வரைபடத்தில் கேட்காத சத்தம் அது.

உன் கையெழுத்து வரவில்லையென்றால் திங்கட்கிழமை அந்த இயந்திரத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன். வேலை போகும் என்று மேலதிகாரி நாசூக்காகச் சொல்லியாகிவிட்டது. போகட்டும். உன் மாமா தடுப்பார் என்று பார்த்தேன். "எந்த நாற்காலி வேணும்? பிளாஸ்க்ல டீ போட்டுக் கொண்டாரேன்" என்கிறார். அவரைத் தெரியுமே, ஊரே எரிந்தாலும் அவருக்கு டீ நேரத்துக்கு வர வேண்டும்.

நிறையத் திட்டிவிட்டேன். திட்டுவதற்கு எனக்கு வேறு தம்பி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தலைவலி என்றாயே, கண் டாக்டரிடம் காட்டினாயா?

நம் வீட்டுச் சமையலறைக் கதவுச் சட்டத்தில் குட்டிக்கு நான் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். பார்சல் வந்த அன்றிலிருந்து போட விட மாட்டேன் என்கிறாள். "அப்பா வந்து போடட்டும் அத்தை" என்று நகர்ந்துவிடுகிறாள். அதனால் அவள் உயரம் என்ன என்று நான் எழுத மாட்டேன். நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

நீ எல்லா நலமும் பெற்று நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த அக்காவுக்கு வேறு ஆசை இல்லை. பென்சிலைக் கதவுச் சட்டத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். அது அவள் கைக்கு எட்டுவதற்குள் வந்துவிடு.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அக்கா