அழாத பொம்பளை

கூடலூர்
12.6.2024

அன்புள்ள கோகிலவாணிக்கு,

மரகதம் எழுதறேன். சுகமா இருக்கீங்களா? போன் போட்டா எடுக்கறதில்லை, அதான் கடுதாசி. மூணு தடவை கவுன்சிலிங் வந்தீங்க, அப்புறம் ஆளைக் காணோம். கடைசியா வந்த அன்னைக்குப் பாதியில எந்திரிச்சுப் போனதுல எனக்குக் கோபம் இல்லைங்க. புருஷனைப் பறிகொடுத்த துக்கத்தை உள்ளேயே வெச்சிருந்தா உடம்புக்கு ஆகாது. அடுத்த வியாழக்கிழமை அவசியம் வாங்க.

உங்கள் நலம் நாடும்
மரகதம்

தேவர்சோலை
15.6.2024

மரகதம் மேடத்துக்கு வணக்கம்.

போனை வேணும்னேதான் எடுக்கலைங்க. உங்களுக்குக் கோபம் இல்லை, சரி. எனக்கு இருக்குதுங்களே.

எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு எஸ்டேட் லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் என்னைக் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வெச்சாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வரலை. காரியம் முடிஞ்சும் வரலை. இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பக்கத்து வீட்டு சின்னம்மைதான் உங்ககிட்டக் கூட்டியாந்தா. எனக்கு அடி விழுந்த சத்தம் லைனுக்கே கேட்கும். அதை அவ சொல்லலை, நீங்களும் கேட்கலை. அழுதுடுங்க, அழுதுடுங்கன்னு வந்தப்பெல்லாம் ஒரே பேச்சு. கடைசியா எதிர்ல காலி நாற்காலியைப் போட்டு, உங்க வீட்டுக்காரர் இதுல இருக்கறதா நெனச்சுப் பேசுங்கன்னீங்க.

கட்டின நாள்லேர்ந்து உதை வாங்கினவ நான். இப்பத்தான் ஒழிஞ்சாரு. அவரைத் திரும்பக் கூட்டியாந்து என் முன்னால உட்கார வெச்சுட்டீங்களே மேடம். எனக்குத் துக்கமே இல்லைங்க, நிம்மதியா இருக்கேன். இதுக்குப் பேரு நோவுன்னா அது எனக்குத் தீரவே வேண்டாம். நான் வர மாட்டேன்.

கோகிலவாணி

கூடலூர்
19.6.2024

அன்புள்ள கோகிலவாணிக்கு,

படிச்சு வெட்கமாப் போச்சுங்க. அழாதவங்கன்னா துக்கத்தை அடக்கி வெச்சிருக்காங்கன்னு நானே முடிவு கட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க. ஆனா அந்த நாற்காலியைப் போட்டப்ப உங்க கை நடுங்கினதைப் பார்த்தேன். அது எதனாலன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும், இப்பக் கேட்கறேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.

மரகதம்

தேவர்சோலை
23.6.2024

மேடத்துக்கு,

கேட்டீங்க, சொல்றேன். பொழுது சாஞ்சா வாசல்ல அவர் வந்து நிக்கற மாதிரியே இருக்குதுங்க. செத்தவர் வர மாட்டார்னு எனக்குத் தெரியுது, கைக்குத் தெரிய மாட்டேங்குது. தேயிலைக் கொழுந்து எடுக்கறப்பகூட நடுங்குது. இந்தப் பயம் போகணும். அதுக்கு மட்டும் வியாழக்கிழமை லீவு சொல்லிட்டு வர்றேன். சின்னம்மை வேண்டாம், தனியா வர்றேன். லைன்ல என்ன வேணா பேசிக்கட்டும்.

இப்பவே சொல்லிடறேன். அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். மறுபடி அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன். அவர் அடிச்ச காலமெல்லாம் எனக்கு எந்திரிச்சுப் போகத் தெரியலை. உங்க ரூம்லேர்ந்துதான் மொத மொதல்ல எந்திரிச்சுப் போனேன்.

இப்படிக்கு
கோகிலவாணி