எல்லைச் சாலைக்கு இரண்டு உரைகள்

பிப்ரவரி 9
காலை வழிபாடு முடிந்தும் மனம் ஒருமைப்படவில்லை. எல்லை வாசல் மூடப்பட்ட நாள்முதல், அதற்கு அப்பால் மருத்துவமனைச் செவிலியராக இருக்கும் மகளைப் பற்றி மனைவியிடம் பேசுவதைத் தவிர்த்தே வந்தேன். இன்று அவளே கேட்டாள்: "வாசல் திறக்குமா, திறக்காதா? அதைச் சொல்லத்தானே உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" உளவுத்துறை ஆய்வில் தலை நரைத்தவன், செருப்பைத் தேடினேன்.

பிப்ரவரி 12
ஓய்வுக்குப் பின்னும் துறை என்னை வைத்திருப்பது ஆய்வறிக்கைகளைச் செம்மைப்படுத்தவே. நான் முன்வைத்தது பழைய உரையாசிரியர்களின் வழி. தம் பொருளைக் கூறியபின், 'இவ்வாறு உரைப்பாரும் உளர்' என்று பிறர் பொருளையும் வைத்து, செய்யுளின் எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு இடங்கொடாது எனக் காட்டுவார்கள். உளவு அறிக்கைக்கும் அதுவே வேண்டும்: ஒருவர் எழுத, மற்றொருவர் மறுப்புரை எழுதுவார். இயக்குநர் இசைந்தார். பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு: "பெரியவர் நம்மளை எல்லாம் புலவர் ஆக்காம விடமாட்டார் போல."

பிப்ரவரி 20
எல்லை வாசல் பற்றிய அறிக்கையை எழுதும் பணி என்னிடமே வந்தது. அப்பாலுள்ளோர் வாசலுக்கு வரும் சாலையைப் புதிதாகப் போடுகின்றனர், விளக்குக் கம்பங்கள் நடுகின்றனர், காவலைக் குறைத்துள்ளனர். கோடைக்குள் திறப்பார்கள் என்று எழுதினேன். அரசு இதை ஏற்றால், அப்பாலுள்ள உறவினரைச் சேரக் காத்திருக்கும் குடும்பங்களைப் பேருந்தில் கொண்டுபோய் வாசலருகே தங்கவைக்கும். பேனா தானே ஓடியது.

பிப்ரவரி 21
மகளின் அறைச் சன்னலைத் துடைத்தேன். மனைவி ஒன்றும் கேளாமல் கட்டிலுக்குப் புது விரிப்பு கொண்டுவந்தாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லையே!

பிப்ரவரி 24
மறுப்புரை, நாங்கள் 'பூதக்கண்ணாடி' என்றழைக்கும் ஆய்வாளர் அம்மையாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

"ஐயா, பஸ் போறதுக்கு எதுக்கு இவ்வளவு கனமா கான்கிரீட்? இது டாங்கி போற கனம். பின்னிணைப்புல நீங்களே போட்டிருக்கீங்க. அறிக்கையில காணோமே?"

"சின்ன விவரம்மா அது."

"வேற யாராவது இப்படி எழுதியிருந்தா விட்டிருப்பீங்களா?"

பின்னிணைப்பைப் புரட்டினேன். விளக்கும் குறைந்த காவலும் இரு பொருளுக்கும் இடங்கொடுக்கும். கான்கிரீட்டின் கனம் என் பொருளுக்கு இடங்கொடாது. ஐயோ, என் கண்ணுல ஏன் படல? — பட்டதே! பட்டதால்தானே பின்னால தள்ளினேன்?

பிப்ரவரி 25
அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். தன் உறவினர் இருக்கும் இடம் பற்றி எவரும் ஆய்வு எழுதலாகாது, அக்கோப்பின் செய்தி எதையும் அவரிடம் கூறலாகாது என்று புதுவிதி எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் தயங்கினார்: "உங்களுக்குமா?" "எனக்குத்தாங்க முதல்ல."

மார்ச் 18
வாசல் திறந்தது. வந்தவை டாங்கிகள். பேருந்துகள் போகாததால் நம் குடும்பங்கள் எதுவும் அங்கில்லை. இறைவனுக்கு நன்றி கூறத் தொடங்கி, அப்பால் இருப்பவளை நினைத்துப் பாதியில் நின்றுவிட்டேன்.

மார்ச் 30
மனைவி வானொலியை அணைப்பதே இல்லை. அப்பாலுள்ள மருத்துவமனைகளின் நிலை, என் விதியால் எனக்கு மூடப்பட்ட அந்தக் கோப்புக்குத்தான் வரும். மாலையில், அக்கோப்பு இருக்கும் பூட்டிய அறையிலிருந்து பூதக்கண்ணாடி வந்து என் மேசையருகே நின்றார்.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

குரலின் நடுக்கத்தையும் கண்ணின் ஓரத்தையும் படித்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். மேசையை நோக்கிக் குனிந்துகொண்டேன்.

"சாப்பிட்டேன்மா."

அவர் நகர்ந்து போகும்வரை நிமிரவில்லை.