நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன அறைதான் எங்களுக்கு வாய்த்தது. சுவரோரம் நடைபழகும் கம்பிகள் இன்னும் நிற்கின்றன. பக்கவாதத்தில் படுத்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் வாராவாரம் கூடி மனம்விட்டுப் பேசும் குழு; நடத்துவது நான். வட்டமாக நாற்காலிகள், நடுவில் ஸ்டூல், அதன்மேல் டிஷ்யூ பெட்டி.

புது நர்ஸுக்குப் பாடம் எடுத்தேன்: யார் அழுதாலும் பெட்டியை நீட்டக் கூடாது. நீட்டினால் ‘போதும், நிறுத்து’ என்று அர்த்தமாகிவிடும். வேண்டியவர் தானே எடுத்துக்கொள்வார்.

“கல்நெஞ்சு வேணும்போல மேடம்” என்றாள்.

பழகிவிடும் என்றேன். பெரிய ஞானி மாதிரி.

மார்ச் 6

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைக்க டிஷ்யூ கேட்டார். “நீங்களே எடுத்துக்குங்க, அதான் முறை” என்றேன். “வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வித்தியாசம் வேணாமா?” என்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

குழுவில் தையற்காரம்மா ஒருவர்தான் இத்தனை வாரமாக வாயே திறந்ததில்லை. இன்று பஸ் டிரைவர், தன் மனைவிக்குப் படுக்கைப்புண் வந்ததைச் சொல்லி முடித்ததும், அவராகவே ஆரம்பித்தார்.

“எங்க வீட்டுக்காரர் படுத்ததுலேர்ந்து... காலையில அவர் ரூம் கதவத் திறக்கறப்ப எனக்கு என்ன தோணும்னா...”

குரல் உடைந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கை பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டியது. யார் கை? என் கைதான்.

வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒன்னுமில்ல மேடம். நல்லாத்தான் இருக்கோம்.” அத்தோடு கடை சாத்தியாயிற்று.

புது நர்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பெண்.

மார்ச் 13

ஏன் நீட்டினேன்? இரக்கமா? இல்லை, பயம். கணவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று அவர் சொல்லிவிடுவார், மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், அப்புறம் நான் என்ன செய்வது என்று — அதைச் சமாளிக்கத்தானே என்னை அங்க உக்கார வெச்சிருக்காங்க? வேற எதுக்கு?

மார்ச் 18, செவ்வாய்

வரவில்லை.

வராதவரின் நாற்காலியை வட்டத்திலிருந்து எடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். தையற்காரம்மாவின் நாற்காலியைப் பார்க்காமலிருக்க எல்லோரும் படாதபாடு பட்டோம். கிளம்பும்போது டிரைவர் சொன்னார்: “அன்னிக்கு அவங்கள முடிக்க விட்டிருக்கலாம் மேடம்.” ஆமாம் என்றேன்.

மாலை தையற்காரம்மாவுக்குப் போன் செய்தேன். “துணி நிறைய தைக்கக் கெடக்கு மேடம்.” பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“தப்பு என் மேலதாம்மா. நீங்க சொல்ல வந்ததக் கேக்க எனக்கு பயமா இருந்துச்சு. அதான் பெட்டிய நீட்டிட்டேன்.”

மெஷின் நின்றது. வருகிறேன் என்று சொல்லவில்லை. போனை உடனே வைக்கவும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்.

“கதவத் திறக்கறப்ப, உயிர் போயிருக்கக் கூடாதான்னு இருக்கு. மூச்சு வருதான்னு பாப்பேன். வந்தா ஏமாத்தமா இருக்கு. அப்புறம் இதே கையாலதான் அவருக்குப் பல்லு தேச்சு விடுறேன்.”

அழுதார். மூக்கு ஒழுகியது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. டிரைவர்தான் தரையைப் பார்த்தபடி பேசினார்.

“எனக்கும் அப்படித்தாம்மா. ரொம்ப நாளா. யார்கிட்டயும் சொன்னதில்ல.”

தையற்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எட்டி, பெட்டியிலிருந்து தானே ஒன்றை உருவிக்கொண்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நடைபழகும் கம்பிகளை எடுக்க ஆள் வரும் என்றார்கள். வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

புதிதாக ஒருவர், அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர். முதல் நாளே பாதிப் பேச்சில் உடைந்துபோனார். என் கை ஸ்டூல் பக்கம் போனதா? போயிருக்க வேண்டும். ஏனென்றால் பக்கத்திலிருந்த தையற்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேணும்னா அவரே எடுத்துக்குவாரு மேடம். சொல்லி முடிக்கட்டும்.”

புது நர்ஸ் இந்த முறை என்னைப் பார்த்தாள்.