சுவரோரம் கிடத்தப்பட்டவர்கள்

ஏப்ரல் 27, ஞாயிறு

முந்திரி இந்த வருடம் சுமார்தான். எல்லையிலிருந்து மகன் அஜித் பேசினான். லீவை ரத்து பண்ணிட்டாங்கம்மா என்றான். அவன் மனைவி அனிதா போனை வைத்ததும் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம்.

மே 7, புதன்

சண்டை தொடங்கிவிட்டது. தெருவே எங்கள் வீட்டு டிவி முன்னால். எழுபத்தொன்று யுத்தத்தில் என் அம்மா பஞ்சாப் பக்கம் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி, அதையெல்லாம் சொல்லுங்கம்மா என்று விடாமல் கேட்டார். திருவிழாவுக்கு வந்தவர் மாதிரி. அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"லாரியில கொண்டாந்து எறக்குவாங்க. பொழைக்கிறவன் உள்ள. பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சா செவுத்தோரம். பிரிச்சு விடுறது என் வேலை."

கொளஞ்சி எழுந்து போய்விட்டார். அனிதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். இந்த அம்மாவுக்கு ஏன் இப்படி?

மே 8

அஜித் போன் எடுக்கவில்லை.

மே 9, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து போன். குண்டுவீச்சில் அடிபட்டுவிட்டானாம். அம்மா போனைப் பிடுங்கினாள். எங்கே அடி, எவ்வளவு நேரம் கிடந்தான் — எல்லாம் இங்கிலீஷில். வைத்துவிட்டு, அனிதா நிற்கிறாள் என்றும் பார்க்கவில்லை.

"எடது காலு போயிடும். வயித்துலயும் அடி இருக்கு. ரெண்டு நாள் தாண்டணும்."

எனக்கு என்ன வந்ததோ. சொல்லிட்டேன்.

"நீ செவுத்தோரம் போட்டியே, அந்தப் புள்ளைங்க சாபம்தாம்மா எம் புள்ள மேல விழுந்திருக்கு."

அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். "எல்லாம் இவன் வயசுதான்" என்றாள். அவ்வளவுதான்.

நான் சொன்னது நிஜமா? இல்ல. இல்லன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். வலிக்கட்டும்னுதான் சொன்னேன்.

மே 10, சனி

சண்டை நின்றுவிட்டதாம். கடைவீதியில் வெடி போடுகிறார்கள். அனிதா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மே 15, வியாழன்

ஆஸ்பத்திரியில் அஜித்தைப் பார்த்தேன். இடது காலை முட்டிக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். வயிற்றில் தையல். பிழைத்துவிட்டான். அம்மா சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

அம்மாயி வரவில்லையா என்று பாட்டியைத்தான் முதலில் கேட்டான். வயதாகிவிட்டது, அவ்வளவு தூரம் முடியாது என்றேன். நான் புறப்பட்ட அன்று அம்மாவும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பித்தான் நின்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஜூலை 20

அஜித் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். ஆறாத இடத்தில் அம்மாதான் கட்டு மாற்றுகிறாள். வலியில் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். "திட்டிக்க. கால அசைக்காத" என்கிறாள். காலைப் பிடித்துக்கொள்ள நான் போனேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனிதாவைக் கூப்பிட்டாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் வந்து குனிந்தது.

அம்மா என்னோடு பேசுவதே இல்லை. மே ஒன்பதிலிருந்து.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அஜித் கண்டுபிடித்துவிட்டான். ஒனக்கும் அம்மாயிக்கும் என்ன என்று எல்லோரும் இருக்கும்போதே கேட்டான். சொன்னால் என்னை என்னவென்று நினைப்பான்?

அம்மாதான் பதில் சொன்னாள். "எங்களுக்குள்ள ஒண்ணுமில்லடா."

எங்களுக்குள்ள என்றாளே — அதை நம்பி, மதியம் நானே சோறு போட்டு அம்மா முன்னால் வைத்தேன். தொடவில்லை. ஆறிப் போனதும் அனிதா அதை எடுத்துவிட்டு வேறு தட்டில் போட்டு வைத்தாள். அதை அம்மா சாப்பிட்டாள்.