பதில் வராததால் கைமாறிய அகரவரிசை

அனுப்புநர்:
வத்ஸலா முரளீதரன்,
கணினிப் பயிற்றுநர்,
சின்ன காஞ்சிபுரம்.

பெறுநர்:
திட்ட அதிகாரி அவர்கள்,
'நூலடுக்கு' நூலக மென்பொருள் திட்டம்,
சென்னை.

பொருள்: மின்னஞ்சல் குழுவில் கடிதங்களுக்குத் தலைப்பிடும் முறையையும், பதில் வராததைச் சம்மதமாகக் கொள்ளும் விதியையும் மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நூலகப் புத்தகங்களின் பெயர்களைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கும் கணினி நிரலை இத்திட்டத்துக்காகச் சம்பளமில்லாமல் எழுதிப் பராமரித்து வந்தவள் நான். பொறுப்பாளர் பெயரைக் கோப்புக்கு இட வேண்டும் என்பது குழுவின் விதி. அதன்படி 'வத்ஸலா-அடுக்கு' என்று இருந்த கோப்பு, இப்போது 'இளங்கோவன்-அடுக்கு' என்று இருக்கிறது. இது எப்படி நடந்தது என்று அறிய எனக்கு மிகுந்த ஆவல்.

2. விசாரித்தேன். வைகாசித் திருவிழாவின்போது குழுவுக்குச் 'சில சிறு திருத்தங்கள்' என்ற தலைப்பில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. என் பொறுப்பை ஓசூர் திரு. இளங்கோவனுக்கு மாற்றலாம் என்ற யோசனை அதன் கடைசிப் பத்தியில் இருக்கிறது. மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம். அந்த நாட்களில் பெருமாள் தேர் போவதற்காக எங்கள் தெருவில் மின்சாரக் கம்பி, டெலிபோன் கம்பி இரண்டையும் இறக்கியிருந்தார்கள். அதே தெருவில் நான் கடிதம் பார்க்கும் பிரவுசிங் சென்டரை நடத்துபவர் ஐயம்பேட்டை மாணிக்கவேல். அவர், "கரண்டே இல்லாதப்போ நீங்க எங்கேர்ந்துமா வேணாம்னு சொல்றது?" என்று கேட்டார். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

3. திரு. இளங்கோவன் மீது எனக்குப் புகார் இல்லை. அவருக்கே எழுதிக் கேட்டேன். தங்கை கல்யாண அலைச்சலில் அவரும் அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லையாம். அவர் ஒப்புக்கொண்டதாக முடிவானதும் இதே விதிப்படிதான். கொடுத்தவளும் வாய் திறக்கவில்லை, வாங்கியவரும் வாய் திறக்கவில்லை, காரியம் மட்டும் முடிந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள், ஐயா.

4. ஆடி மாதம் மென்பொருள் வெளியாகப் போகிறது. அடுக்கில் ஒரு பிழை இருப்பது எனக்குத் தெரியும். கை பரபரக்கிறது, ஆனால் தொட அனுமதி இல்லை. அவரோ, தமக்குப் புரியாத நிரலைத் தொட பயமாக இருக்கிறது என்கிறார். பிழை அப்படியே நூலகங்களுக்குப் போய்விடுமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

5. ஆகவே, ஒருவருடைய பொறுப்பை மாற்றும் கடிதத்துக்குப் 'பொறுப்பு மாற்றம்' என்றே தலைப்பிட்டு, அதில் அவர் பெயரையும் சேர்க்கவும், அவரிடமிருந்து பதில் வராமல் முடிவெடுக்காதிருக்கவும், வெளியீட்டுக்கு முன் நிரலை என்னிடமே திருப்பித் தரவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இந்த மனுவுக்கு மூன்று நாளில் பதில் வராவிட்டால், தாங்கள் சம்மதித்துவிட்டதாக நான் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். விதி எனக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் அப்படிச் செய்ய மாட்டேன். மறுபடியும் எழுதித் தங்களைக் கேட்பேன்.

இடம்: சின்ன காஞ்சிபுரம்
நாள்: 21.06.2004

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
வத்ஸலா முரளீதரன்