அம்மா வேண்டாமென்ற ஊர்கள்

அப்பிங்கெடாம்
நவம்பர் 19

அன்பு மகள் ஃபெனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உங்களுக்கு இப்போது வெயில் தொடங்கியிருக்கும், இங்கே பதினோரு நாளாக மழை விடவில்லை. கடிதம் என்று பார்த்ததும் நீ பயப்படுவாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அம்மாவின் உடம்புக்கும் ஒன்றுமில்லை. இருவரும் நலம், ஆனால் ஒரே வீட்டில் இல்லை. மூன்று ஞாயிறாக நீ அழைக்கும்போதெல்லாம் அம்மா எங்கே என்று கேட்டாய், அலைடா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். திரையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் நீயே சொல்லிவிடேன் என்று கேட்டேன், அவள், "நீ சொல்லு மென்னோ, நாப்பது வருஷமா வீட்டுக் கடிதாசியெல்லாம் நான்தான் எழுதினேன், இது ஒண்ணாவது நீ எழுது" என்றுவிட்டாள். அதனால் எழுதுகிறேன், தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாம் அந்த ஊர் தேடியதில் ஆரம்பித்தது. இல்லை, அதற்கும் வெகு முன்னாலேயே ஆரம்பித்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நாற்பதாவது கல்யாண நாளுக்கு அம்மாவை எங்காவது அழைத்துப் போகப்போகிறேன், நாங்கள் இரண்டு பேர் மட்டும், ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை என்று செப்டம்பரில் உன்னிடம் சொன்னேனே, நீகூடச் சிரித்தாய், "அப்பா, பாலம் தூக்கற வேலைய விட்டு எறங்கினதும் உங்களுக்குக் காதல் வந்துடுச்சா" என்றாய். நானும் சிரித்தேன். அந்த வாரமே க்ரோனிங்கனில் இருக்கும் பயணக் கடைக்குப் போய்ப் படம் போட்ட புத்தகங்கள் ஒரு பை நிறைய வாங்கிவந்தேன், லிஸ்பன், வியன்னா, வெனிஸ், பாரிஸ், ப்ராக். ஒவ்வொரு நாளும் காலைக் காபிக்கு உட்காரும்போது ஒன்றை எடுத்து அவள் முன்னால் விரித்துவைப்பேன். லிஸ்பன் என்றேன், "ஏறி ஏறி இறங்கணும், என் முட்டி தாங்காது" என்றாள். வெனிஸ் என்றேன், "தண்ணியும் படகும் பாக்க வெனிஸ் வரைக்கும் போகணுமா, ஜன்னலத் தொறந்தாப் போதுமே" என்றாள். வியன்னாவுக்கு, "கச்சேரில நீ குறட்டை விடுவ, எனக்குத்தான் மானம் போகும்". பாரிஸ் என்றால் வரிசையில் நிற்கணும், ப்ராக் என்றால் எல்லாரும் போகிறார்கள், கோபன்ஹேகன் என்றால் நம்ம மழைதானே அங்கேயும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள், சிரித்த முகமாகத்தான் சொன்னாள், பிறகு எழுந்து கோப்பையைக் கழுவப் போய்விடுவாள். நான் விடவில்லை கண்ணு. விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அன்பு என்று நினைத்துவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. புத்தகத்தை மேஜையில் போட்டு, உனக்கு எந்த ஊர்தான் வேண்டும் என்று கத்திவிட்டேன். உன் அம்மா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஊரெல்லாம் வேணும்னு இருந்தப்ப நீ வரல மென்னோ" என்றாள். "எத்தன ஜூலை எங்கயாவது போலாம்னு கேட்டேன்? அடுத்த வருஷம், அடுத்த வருஷம்ன. ஸ்வீடன் போற படகு, டென்மார்க் போற படகுன்னு ஊர் ஊராப் போறவங்களுக்கெல்லாம் பாலத்தத் தூக்கி வழி விட்ட, சாயங்காலம் வந்து இன்னிக்கு எங்கெங்கிருந்து படகு வந்துதுன்னு எனக்குக் கதை வேற சொன்ன. நான் சமையலறை ஜன்னல்ல நின்னு அதப் பாத்துக்கிட்டிருந்தேன்." படகுக் கதைகளை அவள் ஆசையாகக் கேட்கிறாள் என்றுதான் அத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்துக்குக்கூட அவள் தனியாகத்தான் வந்தாள், உங்களுக்கு அங்கே குளிர்காலம், எனக்கு இங்கே கோடை, படகுகள் வரும் காலம், விடுப்பு கிடைக்காது என்றேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவே இல்லை, இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அவளாகவே, "புரூஜ் போலாம். ரயில்ல போய் ரயில்ல வந்துடலாம். ரெண்டு ராத்திரி, அது போதும்" என்றாள். நான் பட்ட சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முடி வெட்டிக்கொண்டேன், புதுச் சட்டை எடுத்தேன், நாற்பதாம் கல்யாண நாள் என்று ஹோட்டலுக்கு எழுதிப்போட்டேன். அவள் ஏன் திடீரென்று சரி என்றாள் என்று யோசிக்கவில்லை. வேண்டாம் என்றபோதும் ஏன் என்று கேட்கவில்லை, சரி என்றபோதும் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை நான்கு இடத்தில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தோம். நல்ல மழை. ஹோட்டல்காரர்கள் படுக்கை முழுதும் ரோஜா இதழ் தூவி வைத்திருந்தார்கள். நான் கூச்சத்தோடு சிரித்தேன், அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த இதழ்களைக் கையால் கூட்டி அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள், "காலைல கூட்டறது யாரோ ஒரு பொண்ணுதான மென்னோ, அவளுக்கு எதுக்கு வேலை" என்றாள். மறுநாள் மழை சற்று விட்டது, நகரைச் சுற்றி ஓடும் பெரிய கால்வாய் ஓரமாக, காற்றாலைகள் இருக்கும் பக்கம் நடந்தோம். அங்கே தூக்குப் பாலம் ஒன்று இருக்கிறது. நாங்கள் போகும்போது மணல் ஏற்றிய ஒரு பெரிய சரக்குப் படகு வந்தது, மணி அடித்தது, பாலம் எழும்பியது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பாலக்காரர் என் வயதுதான், பெல்ஜியத்தில் அந்தப் பக்கமும் நம் பாஷைதானே, அவர் பேச்சு கொஞ்சம் இழுவை, நானும் இதே வேலைதான் பார்த்தேன் என்றதும் வாங்க வாங்க என்று மேலே தன் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். காற்று அடித்தால் என்ன செய்வீர்கள், பனி உறைந்தால் என்ன செய்வீர்கள், அவசரக்காரக் கார்க்காரர்கள் அங்கேயும் இப்படித்தானா என்று பேசினோம், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வெளியே வந்து மணி பார்த்தேன், ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அவள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு. மூக்கு சிவந்திருந்தது. நான் ஓடிப்போய், தப்புத்தான், தப்புத்தான் என்று ஆரம்பித்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள், நிஜமாகவே கேட்டாள். பிறகு, "மேல கண்ணாடி வழியா உன்னப் பாத்துக்கிட்டே இருந்தேன். உன் மூஞ்சி அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. என்கூட இருக்கறப்ப அந்த மூஞ்சி வந்ததே இல்ல மென்னோ. உன்மேல குத்தம் சொல்லல. எனக்கும் வந்ததில்ல" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கையைப் பிடித்திருக்கிறாளே, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். பார், அவ்வளவுதான் உன் அப்பனுக்குப் புத்தி.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் சொன்னாள். ஒரு பானைச் சிப்பி வாங்கி நடுவில் வைத்திருந்தோம், சுற்றிலும் இளம் ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நான் நாளைக்கு அலைடாகிட்ட போறேன் மென்னோ. ஒரு வாரம் பத்து நாளைக்கு இல்ல" என்றாள். வேறு யாராவதா என்று கேட்டேன், கேட்டதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் சிரித்துவிட்டாள், "இந்த வயசுல எனக்கு இன்னொருத்தன் துணிய வேற தொவைக்கணுமா" என்றாள். அப்படியானால் என்மேல் என்ன கோபம் என்றேன். "கோபம் இருந்தாப் பரவால்லயே. கோபம்கூட இல்ல. அதான் எனக்கே பயமா இருக்கு" என்றாள். ஆகஸ்டிலேயே முடிவு செய்து அலைடாவிடம் சொல்லிவிட்டாளாம். அப்படியென்றால் இத்தனை ஊரையும் பார்க்கவைத்து ஏன் வேண்டாம் வேண்டாம் என்றாய், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் சிப்பி ஓட்டை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். "வீட்ல வச்சு சொல்ல வாய் வரல. வெளியூர் போனா சொல்லிடுவேன்னு தெரியும். நீ அந்த லிஸ்பன் படத்த அவ்வளவு ஆசையாக் காட்டின. நல்ல ஊர் ஒண்ண இதுக்காகக் கெடுக்க வேணாம்னு பாத்தேன். அப்புறம் அந்த ஊர்ப் பேரக் கேட்டாலே உனக்கு இதுதான ஞாபகம் வரும்" என்றாள். புரூஜ் மட்டும் என்ன பாவம் செய்தது என்றேன். "இங்கதான் எப்பவும் மழையாச்சே. நீ மறுபடி வர ஆசப்பட மாட்டேன்னு நெனச்சேன். இங்கயும் ஒரு பாலம் இருக்கும்னு எனக்கு எங்க தெரியும்" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். பரிமாற வந்த பையன் தட்டை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் எதிரெதிராக உட்கார்ந்து வந்தோம், ரொட்டியைப் பாதி பாதியாகப் பிரித்துச் சாப்பிட்டோம், மழையைப் பற்றிக்கூடப் பேசினோம். ஸ்வோல்லே வந்ததும் அவள் எழுந்தாள். அலைடா நடைமேடையில் நின்றாள், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். பெட்டியை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். வண்டி கிளம்பியபோது உன் அம்மா கையசைத்தாள், நானும் அசைத்தேன், யாராவது பார்த்திருந்தால் இரண்டு நாளில் திரும்பிவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கு அதோடு முடியவில்லை கண்ணு. நம் தெருவுக்குள் திரும்பினால் நம் வீட்டு வாசலில் பைன் கிளை கட்டிப் பெரிய வளைவு, அதில் நூறு காகித ரோஜா, நடுவில் நாற்பது என்று எண். பக்கத்து வீட்டு ரூலோஃபும் தெருக்காரர்களும் நாங்கள் ஊரில் இல்லாத இரண்டு நாளில் மறைவாகச் செய்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் எல்லாரும் குடையோடு வெளியே வந்து நீடூழி வாழ்க என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு பாதியில் குழம்பியது. ரூலோஃப், "என்ன மாப்ள, பொண்டாட்டிய பெல்ஜியத்துல வித்துட்டு வந்துட்டியா?" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அலைடாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள இவள் வழியில் இறங்கிவிட்டாள் என்றேன். கேக்கை வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். புரூஜ் எப்படி என்று கேட்டார்கள், ரொம்ப அழகான ஊர் என்றேன். அந்த வளைவுக்குக் கீழே தனியாக நுழைந்து கதவைச் சாத்தினேன், அதன் பிறகு நடந்ததை எழுத வேண்டாம்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், தம்பதிகள் சேர்ந்து காபிக்குக் கூப்பிட்டால்தான் கட்டியவர்கள் வந்து வளைவைக் கழற்றுவார்கள். நான் மட்டும் தனியாக எப்படிக் கூப்பிடுவது? அது இன்னும் நிற்கிறது. நான் பின்வாசல் வழியாகப் போய்வருகிறேன். தெருவுக்கு விஷயம் கசிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ரூலோஃப் இப்போதெல்லாம் என்னிடம் கேலி பேசுவதில்லை. போன வியாழன் அம்மா குளிர்காலத் துணிகளும் தையல் மிஷினும் எடுக்க வந்தாள். வளைவைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. காரை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மழையில் காகிதமெல்லாம் ஊறி, சாயம் கரைந்து கதவில் ஒழுகியிருந்தது. ஒரு ரோஜா கம்பியோடு தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்து, தண்ணீரைப் பிழிந்து, இதழைப் பிரித்துவிட்டு மறுபடியும் கிளையில் முறுக்கிக் கட்டினாள். "பாவம், எவ்வளவு நேரம் உக்காந்து செஞ்சிருப்பாங்க" என்றாள். அவர்களுக்காகத்தான் சொன்னாள், எனக்காக இல்லை. அது எனக்குத் தெரிந்தும் மிஷினைக் காரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பூவின் கீழேயே வெகுநேரம் நின்றேன். அவள் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை ஃபெனா. தோன்றுகிறது என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

நீ உடனே விமானம் ஏறி வராதே, வந்து யாரையும் சேர்த்துவைக்கப் பார்க்காதே. அம்மாவிடம் கோபமாகப் பேசாதே, என் பக்கம் என்று ஒன்று இல்லை. மாப்பிள்ளை எங்காவது போகலாம் என்று கேட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லாதே, நீ வேண்டாம் என்று சொன்னாலும் ஏன் என்று கேட்கச் சொல் அவரிடம். உனக்குச் சளி பிடித்திருந்ததே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. டிசம்பர் 14 அம்மாவின் பிறந்தநாள், மறந்துவிடாதே, இந்த வருஷம் நம் வீட்டு எண்ணுக்கு அழைக்காமல் அலைடா வீட்டுக்கு அழை, நாள் முழுக்க உன் அழைப்பை எதிர்பார்த்திருப்பாள். என்னைப் பற்றிக் கேட்டால் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். கேட்காவிட்டால் நீயாக ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

உன் அப்பா,
மென்னோ