வடிகால் பெட்டியின் ஐந்து பலகைகள்

ஜூன் 4
பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். அண்ணன் தன் வயலின் வடிகால் பெட்டியிலிருந்து பலகைகளை உருவி எறிந்த நாளிலிருந்து எண்ணுகிறேன். எங்கள் இருவர் வயலிலும் மண்ணுக்கடியில் குழாய் பதித்து, வரப்போரம் பெட்டி கட்டி, அதில் ஐந்து பலகைகள் செருக வரைந்து கொடுத்தவன் நான். செருகினால் நீர் வயலில் நிற்கும். உருவினால் குளத்துக்கு ஓடும். இவ்வளவுதான். "படிச்ச திமிருடா உனக்கு. தண்ணி தேங்கினா பயிர் அழுகும்னு எனக்குத் தெரியாதா?" என்று கூலியாட்கள் முன்னால் கேட்டான். இப்போது அந்தப் பலகைகள் அவன் கோழிக்கூண்டுக்குக் கதவு.

ஜூன் 9
நல்ல மழை. அண்ணனின் குழாய் வாயில் நீர் கொட்டுகிறது. நேற்றுதான் மக்காச்சோளத்துக்கு யூரியா போட்டான், அத்தனையும் குளத்துக்குத்தான். தங்கையின் தெரு குடிப்பது அந்தக் குளத்து நீர். அவள் மகள் மூன்று மாதக் குழந்தையோடு வந்திருக்கிறாள். புட்டிப்பால், அதைக் கரைப்பதும் அந்த நீரில்தான்.
அண்ணனின் குழாய் நீரை ஒரு குப்பியில் பிடித்து வைத்தேன். என் வயலிலும் ஒரு மூலையில் நீர் நிற்கிறது.

ஜூன் 11
பரிசோதனைக் கூடத்துப் பெண் அளந்து சொன்னாள்: நைட்ரேட், அதாவது உரத்திலிருந்து வரும் உப்பு, குடிநீர் வரம்பைப் போல் இரண்டு மடங்கு. "குளத்துல கலந்தா குறையும் சார். ஆனா கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணி வேண்டாம். காய்ச்சினாலும் போகாது. குளத்தையும் நாங்க வந்து பாக்குறோம்."
நேரே தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.
"யாரு வயல் தண்ணி, சின்னண்ணே?"
"உன் பெரியண்ணன் வயல்."
சொல்லும்போது வாய் இனித்தது. இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 12
வேளாண்மை அதிகாரிக்கு அண்ணன்மேல் புகார்க் கடிதம். நான்கு பக்கம் வந்துவிட்டது. படித்துப் பார்த்தால் ஒரு பக்கம்தான் வடிகால். மீதி: பாகம் பிரித்தபோது மேட்டு நிலத்தை அவன் எடுத்துக்கொண்டது, அப்பா இறந்த செய்தியை எனக்குக் கடைசியாகச் சொன்னது. அதிகாரிக்கு இதெல்லாம் எதற்கு?

ஜூன் 13
தங்கை போனில்: "உன் வயல் தண்ணியும் இந்தக் குளத்துக்குத்தானே வருது? அதை அளந்தியா?"
என்ன கேள்வி இது! பலகை போடும் முறையையே நான்தானே கொண்டுவந்தேன்!

ஜூன் 16
அளந்தேன். மூன்று மடங்கு.

ஜூன் 16, மாலை
எப்படி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யூரியா போட்ட மூன்றாம் நாள், அந்த மழையில், மூலையில் நீர் தேங்கியதைப் பார்த்துப் பதறி ஐந்து பலகைகளையும் உருவிவிட்டேன். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பயம். கண்ணெதிரே பயிர் மஞ்சளாகும்போது படிப்பு எங்கே போகிறது?
ஓடிப்போய் எல்லாவற்றையும் திரும்பச் செருகினேன்.
முதல் வருடம் அண்ணனின் பயிர் அழுகியபோது அவனுக்கும் இதே பயம்தானே? அன்று நான் வரப்பில் நின்று வரைபடத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றி உள்ளே இறங்கவில்லை.

ஜூன் 17
தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். "மூஞ்சியக்கூடப் பாத்துக்க மாட்டீங்க. குளத்துல மட்டும் என்னா ஒத்துமை!" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். பிறகு மெதுவாக, "அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லேன்" என்றாள்.
முடியவில்லையே. அவன் வாசல் வரை போகிறது கால். அதற்கு மேல் - இல்லை.

ஜூன் 20
நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். தட்டச்சில் ஒரே ஒரு பக்கம், அண்ணனுக்கு. விதைப்புக்கும் அறுவடைக்கும் ஒரு வாரம் முன்னால் எல்லாப் பலகையும் உருவலாம். உரம் போட்டதும் செருகியே இருக்கட்டும். நீர் மிஞ்சினால் மேல் பலகை ஒன்றை மட்டும் எடு. மழை ஓய்ந்ததும் திரும்பச் செருகினால் வெயில் நாளில் வேருக்கு ஈரம் இருக்கும், கதிர் பிடிக்கும். கடைசி வரி: "இது தெரிந்தே அவசரப்பட்டு உருவிய ஒருவன் வயலில் மூன்று மடங்கு நைட்ரேட் வந்தது."
அடியில் என் பெயரையும் பட்டத்தையும் அடித்திருந்தேன். அதைப் பார்த்தால் படிக்காமலே அடுப்பில் போடுவான். அந்தத் துண்டை மட்டும் கத்தரித்துவிட்டேன். பெயரில்லாமலே நாளைத் தபாலில் போகட்டும்.